சாவி என்கிட்டதான் இருந்தது

பாத்து ஏறுங்க தம்பி. அந்தப் படி ஆடும். கைப்பிடியைப் புடிக்காதீங்க, துரு கையைக் கிழிச்சுடும்.

கதவுக்கு அளவெடுக்கத்தானே வந்திருக்கீங்க? தெரியும். ஊர்த் தலைவரு நாட்டார் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. அக்கரையிலேருந்து கதவு செய்ற ஆள் வர்றாருன்னு மீன் கூடைக்காரப் பொம்பளைங்க பேசிக்கினு போனாங்க. அதைக் கேட்டுத்தான் காலையிலேருந்து இங்க வந்து உட்கார்ந்துக்கினு இருக்கேன். நாலு வருஷம் இந்தப் புயல் கட்டடத்துக்குச் சாவி என்கிட்டதான் இருந்தது. அந்த மனுஷனுக்குச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலை பாருங்க.

உட்காருங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு. அளவு எங்க ஓடிடப் போகுது. இப்படிப் பாத்தா கடல், அப்படிப் பாத்தா ஏரி. நடுவுல இந்த மணல்திட்டு. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு ஒரு பீடி முடியறதுக்குள்ள நடந்துடலாம். நாப்பது வூடு. மேடுன்னு சொல்றதுக்கு ஈச்சங்குப்பத்துல இந்தக் கட்டடம் ஒண்ணுதான். கீழ வெறும் தூணுங்க, தண்ணி வந்தா பூந்து போறதுக்கு. மேல ஹாலு. ஹாலுக்கு ஒரே ஒரு கதவு. தோ தொங்குது பாருங்க, அதான். தேக்கு தம்பி. தேக்கைப் பொளந்திருக்காங்க.

யாரு பொளந்தாங்கன்னு கேக்கறீங்களா? சொல்றேன். சொன்னா நம்ப மாட்டீங்க.

எனக்கு வலது தோள்பட்டை போயிடுச்சு. முப்பத்தஞ்சு வருஷம் வலை இழுத்த தோளு. கடலுக்குப் போறதை வுட்டுட்டு வூட்ல இருந்தப்ப இந்தக் கட்டடத்தைக் கட்டி முடிச்சாங்க. சாவி யார்கிட்ட இருக்கிறதுன்னு ஊர்க்கூட்டத்துல பேச்சு வந்துச்சு. நாட்டார் எழுந்து, "தேசிங்குகிட்ட இருக்கட்டும். அவன் கையில ஒரு பொருள் கொடுத்தா அது கெடாது" அப்படின்னாரு. அந்த வார்த்தையை நான் காப்பாத்தினேன். அமாவாசைக்கு அமாவாசை தரையைக் கழுவுவேன். உப்புக்காத்துல ஜன்னல் கம்பி துரு பூத்துடும், எண்ணெய் போட்டுத் தொடைப்பேன். கவர்மெண்ட் கொடுத்த பூட்டு தகரம் மாதிரி இருந்துச்சுன்னு நானே அக்கரைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கியாந்தேன். கையில எடுத்தா கல்லு மாதிரி இருக்கும்.

ஊர் ஜனம் சும்மா இருக்குமா? ஒரு நல்ல எடம் இருந்தா அதை நாசம் பண்ணணும் அவங்களுக்கு. பசங்க சீட்டாட இடம் கேட்டாங்க, இல்லைன்னேன். கல்யாணத்துக்குக் கேட்டாங்க, இல்லைன்னேன். பூங்காவனம்னு ஒரு பொம்பளை, எங்க வூட்டுக்கு எதிர்வூடு, புருஷன் இல்லை, கருவாடு போட்டுப் பிழைக்குது. ஐப்பசி மழையில நெத்திலி நாறிப் போகுது, ரெண்டு நாளைக்கு ஹாலுல பரப்பிக்கிறேன்னு வந்து நின்னுச்சு. இது கருவாட்டுக் கொட்டகை இல்லைம்மான்னு அனுப்பிட்டேன். அதுக்கே என் வூட்டுக்காரி வேதவல்லி மூஞ்சைத் தூக்கி வச்சுக்கினா. நமக்கு மூஞ்சி முக்கியமா, கட்டடம் முக்கியமா?

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் மனசு எளகித் தொறந்தேன். அது முந்தின வருஷம். புயல் வருது வருதுன்னு ரேடியோவுல சொன்னாங்க. கொழந்தை குட்டிங்க இருக்கேன்னு தொறந்து வுட்டேன். ரெண்டு நாள் ஊரே இங்கதான். புயல் வடக்கே எங்கியோ போயிடுச்சு. இவங்க எறங்கிப் போன அப்பால வந்து பாக்கறேன், செவுத்துல வெத்திலை எச்சில், மூலையில ஆட்டுப் புழுக்கை, ரெண்டு கண்ணாடி காலி. அடுத்த வாரமே ஒரு ஆபீசர் பாக்க வந்துட்டாரு. அத்தனை பேர் முன்னால, "யாரைக் கேட்டுத் தொறந்தே? உன் வூட்டுத் திண்ணையா இது?"ன்னு கேட்டாரு. எச்சில் துப்பினவன் எல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தான். ஒருத்தன் வாயைத் தொறக்கலை. அன்னிக்கு முடிவு பண்ணினேன். இனிமே எழுத்துல உத்தரவு இல்லாம இந்தக் கதவு தொறக்காது. ஊர்க்கூட்டத்துலயே சொன்னேன். அப்ப தலையை ஆட்டினாங்க. நல்லா ஆட்டினாங்க.

இப்ப போன கார்த்திகைக்கு வருவோம்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் ரேடியோவுல புயல் வருதுன்னு சொன்னாங்க. வியாழக்கிழமை காலையில கரை ஏறும்னு சொன்னாங்க. நான் இன்னா பண்ணினேன்? வூட்ல படுத்துத் தூங்கினேனா? புதன்கிழமை முதல் படகுல ஏறினேன், தாலுக்கா ஆபீசுக்குப் போய் லெட்டர் வாங்கியார. ஊருக்காகத்தானே போனேன்? எனக்கு இன்னா லாபம் அதுல?

கெளம்பும்போது வேதவல்லி வாசல்ல நின்னுக்கினு, "சாவியை வச்சுட்டுப் போய்யா" அப்படின்னா.

"லெட்டர் இல்லாம தொறக்கக் கூடாது" அப்படின்னேன்.

"தொறக்கலை. இங்க இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

"இங்க இருந்தா நீ தொறந்துடுவே. மத்தியானத்துக்குள்ள நான் வந்துடுவேன்."

அதுக்கு மேல அவ பேசலை. பேசியிருந்தா ஒருவேளை கொடுத்திருப்பேனோ என்னவோ. கொடுத்திருக்க மாட்டேன். பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?

ஆபீசுல ஒரே கூட்டம். ஆளாளுக்கு போனைக் காதுல வச்சுக்கினு ஓடறாங்க. கடைசியில ஒரு கிளார்க்கு என்னைப் பாத்து இன்னா வேணும்னாரு. சொன்னேன். அவரு என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "புயல் வந்தா தொறக்கத்தான்யா கட்டிக் கொடுத்திருக்கு. இதுக்கு எதுக்கு லெட்டரு? போய்த் தொற"ன்னாரு. இவரு இப்படிச் சொல்லுவாரு, நாளைக்கு வேற ஒருத்தரு வந்து யாரைக் கேட்டேன்னு கேப்பாரு. நான் நகரலை. எழுதிக் கொடுங்க சார்னு நின்னேன். பெரியவரு வந்து கையெழுத்துப் போடணும்னாங்க. நின்னேன். பதினோரு மணி ஆச்சு, பன்னண்டு ஆச்சு. ஒரு மணிக்குக் கையெழுத்தும் சீலும் வாங்கி, பிளாஸ்டிக் கவருல போட்டு, சட்டைக்குள்ள வச்சுக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணி படலை அதுல. இப்பவும் வூட்ல இருக்கு, காட்டறேன்.

பஸ் பாதி தூரத்துல நின்னு போச்சு, மரம் வுழுந்து கெடந்தது. மீதி நடந்தேன். அக்கரைத் துறைக்கு வந்து சேரும்போது மூணு மணி. மழை பக்கவாட்டுல அடிக்குது. நாளைக்குன்னு சொன்ன புயல் இன்னிக்கே வந்துடுச்சு. அதுக்கு நான் பொறுப்பா? நாகூரான் தெரியுமில்ல, உங்களை இட்டுக்கினு வந்தானே, அவன்தான், படகை மேல இழுத்து தென்னை மரத்துல கட்டிட்டு மீன் ஏலக்கொட்டகையில ஒதுங்கி நிக்கறான். ஒரு நடை போய் வந்துடலாம்டான்னேன். ஏரியைக் கையைக் காட்டினான். ஏரி எங்க இருந்துச்சு, கடல் மாதிரி எழும்புது. "ரெண்டு பேரும் சாவோம் மாமா. மத்தியானத்துலேருந்து ஒரு படகும் போகலை" அப்படின்னான். அவன் கால்ல வுழாத குறைதான். சாவியை எடுத்து அவன் முன்னால ஆட்டினேன். அந்தப் பக்கம் திரும்பிக்கினான்.

அப்பதான் போன் வந்துச்சு. வேதவல்லி. காத்துச் சத்தத்துல பாதி கேக்குது, பாதி கேக்கலை. கடல் தெருவுக்குள்ள வந்துடுச்சுன்னா. கெழக்கு வரிசை வூடுங்க போயிடுச்சுன்னா. எல்லாரும் கட்டடத்துப் படியில நிக்கறாங்கன்னா.

"நீ எங்க இருக்கே?"ன்னு கேட்டா.

"வந்துக்கினே இருக்கேன். ஏரியில பாதி தூரம் வந்துட்டேன். கதவுல யாரும் கை வைக்காதீங்க."

ஏன் அப்படிப் பாக்கறீங்க? வேற இன்னா சொல்லுவேன்? அக்கரையில ஏலக்கொட்டகையில நிக்கறேன்னா சொல்லுவேன்? சொன்னா அந்த நிமிஷமே ஒடைச்சிருப்பாங்க. எனக்கு இவங்களைத் தெரியும். எப்படியும் கொஞ்ச நேரத்துல காத்து தணியும், நாகூரான் மனசு மாறுவான்னு நெனைச்சேன். மனுஷன் நெனைக்கிறதுதானே.

காத்து தணியலை. நான் கொட்டகைத் தூணைக் கட்டிப் புடிச்சுக்கினு நின்னேன். அங்கேருந்து பாத்தா இந்த ஊர் ஒரு கறுப்புக் கோடு தம்பி. அலை எழும்பினா அந்தக் கோடும் இருக்காது. என் பொண்ணு மேகலா ஆறு மாசக் கொழந்தையோட இங்கதான் இருந்தா. சாவியை இறுக்கிப் புடிச்சு உள்ளங்கையில அதோட பல்லு பதிஞ்சிருந்தது, மறுநாள்தான் பாத்தேன். நானும் மனுஷன்தான். அதை யாரு கேக்கறாங்க?

இங்க நடந்ததை அப்பால சொன்னாங்க. நான் வர்றேன்னு சொன்னதால நின்னிருக்காங்க. முக்கால் மணி நேரம். கதவுக்கு முன்னால இருக்கிற இந்த எடத்துல பத்துப் பேர் நிக்கலாம். மீதி நூறு பேர் படியில. கொழந்தைங்களைக் கைமாத்திக் கைமாத்தி மேல கொடுத்து, செவுத்தோரமா ஒட்டி நின்ன பொம்பளைங்க வாங்கிக்கினாங்களாம். அப்ப ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு பறந்து வந்துச்சு. பூங்காவனம் வலது கையைத் தூக்கித் தடுத்திருக்கு. முழங்கைக்குக் கீழ எலும்பு வரைக்கும் வெட்டிடுச்சு. ஆஸ்பத்திரியில தச்சாங்க, ஆனா வெரல் மூணு மடங்கலை. கத்தி புடிக்க முடியாது இனிமே. அந்த ஷீட்டு யாரு வூட்டுதுன்னு நெனைக்கிறீங்க? பூங்காவனம் வூட்டுக் கூரைதான். மழைக்கு முன்னாடி கயிறு போட்டுக் கட்டுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

கையில கொழந்தை இருந்துச்சாம். அதுக்காகத்தான் கையைத் தூக்கியிருக்கு. எங்க கொழந்தைதான், என் பேத்தி. அதுக்கு ஒண்ணும் ஆகலை. நான் நன்றி கெட்டவன் இல்லை தம்பி, ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கி அனுப்பினேன்.

அந்த ரத்தத்தைப் பாத்ததும் வேதவல்லி கீழ எறங்கினா. இடுப்பு வரைக்கும் தண்ணி. தூணுல கட்டியிருந்த படகோட நங்கூரத்தை அவுத்துக்கினு வந்தா. நாலு கொக்கி வச்ச இரும்பு நங்கூரம். ஆம்பளைங்க, வேணாம்க்கா, அண்ணன் வந்துக்கினு இருக்காருன்னு சொல்லியிருக்காங்க. கேக்கலை. ஆமா, என் வூட்டுக்காரிதான். இந்தக் கதவைப் பொளந்தது என் வூட்டுக்காரி. வேற எவனாவது ஒடைச்சிருந்தா கூட எனக்கு இவ்ளோ எரியாது.

பூட்டு ஒடையலை. அதைப் பாத்தீங்களா? அது அப்படியே இருந்துச்சு, நான் வாங்கின பூட்டு. பலகைதான் போச்சு.

மறுநாள் காலையில ஏரி அடங்கினதும் முதல் படகுல வந்தேன். லெட்டரோட வந்தேன். வந்து பாக்கறேன், கதவு இந்தக் கோலத்துல கெடக்கு. யாரு ஒடைச்சது, யாரைக் கேட்டு ஒடைச்சீங்கன்னு கத்தினேன். நூறு பேர் உள்ள உட்கார்ந்து பாத்துக்கினு இருக்காங்க. வேதவல்லி எழுந்து வந்து, என் சட்டை, வேட்டியெல்லாம் தொட்டுப் பாத்தா. பிழியறாப்ல நனைஞ்சிருந்தது, மழையில நின்னேனே. தொட்டுப் பாத்துட்டு, "நல்லா இருக்கியா"ன்னு மட்டும் கேட்டா. கதவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் கூட்டம் போட்டாங்க. கூட்டத்துல எல்லாரும் இன்னா பேசினாங்க தெரியுமா? அந்தக் காத்துல தேசிங்கு ஏரியில எறங்கி வந்தானே, உயிரைப் பணயம் வச்சானே, பாதியில திரும்பாம இருந்தா பொணமாத்தான் வந்திருப்பான், அப்படின்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. அவங்களா பேசிக்கினாங்க. பேசறவங்களை நடுவுல தடுக்கிறது மரியாதை இல்லை. அப்பால நாட்டார் வேதவல்லியைக் கூப்பிட்டு, "உன் புருஷன் வந்துக்கினு இருக்கான்னு தெரிஞ்சும் ஏம்மா அவசரப்பட்டே?"ன்னாரு.

"பொறுக்க முடியலை. ஒடைச்சுட்டேன். தப்புதான்" அப்படின்னு கூட்டத்துக்குக் கும்பிடு போட்டா. அவ்ளோதான். உட்கார்ந்துட்டா.

என் ஆத்திரம் அதுதான் தம்பி. கும்பிடு போடறியே, எனக்காக ஒரு வார்த்தை பேசினா இன்னா? என் புருஷன் மேல தப்பில்லை, அவரு சட்டப்படிதான் நடந்தாருன்னு சொல்லியிருக்கலாமில்ல? வாயில கொழுக்கட்டை. அன்னிக்கு மட்டுமில்ல, இந்த ரெண்டு மாசமா வாயில கொழுக்கட்டை. விடிஞ்சா எதிர்வூட்டுக்குப் போயிடறா. பூங்காவனத்துக்கு மீன் அறுத்து, உப்புப் போட்டு, காய வச்சுட்டு வர்றா. ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. தினமும். எனக்கு மத்தியானச் சோறு மூணு மணிக்கு. கேட்டா, அதுக்குக் கை இல்லைங்கறா.

இதுல இன்னொண்ணு கேளுங்க. பொங்கலுக்கு முந்தி நாகூரான் படகுல போறப்ப ஒண்ணு சொன்னான். அன்னிக்கு என்கிட்ட பேசி முடிச்ச அப்பால கொஞ்ச நேரம் கழிச்சு வேதவல்லி அவனுக்குப் போன் போட்டாளாம். மாமா ஏரியில இருக்காரான்னு கேட்டாளாம். இவன், இல்லைக்கா, இங்கதான் கொட்டகையில நிக்கறாரு, பத்திரமா இருக்காரு, கவலைப்படாதேன்னு சொல்லியிருக்கான். எனக்கு நல்லது பண்றதா நெனைச்சுக்கினு. அந்த போனை வச்சுட்டுத்தான் நங்கூரத்தைத் தூக்கியிருக்கா.

நீங்க சொல்லுங்க, புருஷன் ஒரு வார்த்தை சொன்னா அதை இன்னொருத்தன்கிட்ட கேட்டு சரி பாக்கிற பொண்டாட்டியை எங்கியாவது பாத்திருக்கீங்களா? முப்பத்தொரு வருஷம் குடும்பம் பண்ணியிருக்கோம்.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் கூட்டம். எனக்குச் சளி, நான் போகலை. புதுக் கதவு போடறது, ஆனா பூட்டு வேணாம், உள்பக்கம் தாழ்ப்பா மட்டும் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. எடுத்துச் சொன்னது யாருன்னு நெனைக்கிறீங்க? அவளேதான். வூட்டுக்கு வந்ததும் கேட்டேன், என் மானத்தை வாங்கறதுக்குன்னே பண்றியான்னு. அரிசி களைஞ்சுக்கினு இருந்தா. நிமிந்து கூடப் பாக்கலை.

"நீ எங்க நின்னேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. பூட்டு வேணாம்னு மட்டும்தான் சொன்னேன்" அப்படின்னா.

ரெண்டு மாசத்துல அவ என்கிட்ட பேசின நீளமான பேச்சு அதுதான். எழுந்து வெளிய போயிட்டேன்.

சரி, அதெல்லாம் வுடுங்க. நான் காலையிலேருந்து உட்கார்ந்திருக்கிறது வேற ஒரு விஷயத்துக்கு. தாழ்ப்பா நாட்டார் சொன்ன மாதிரி உள்பக்கம் வையுங்க, நான் குறுக்கே வரலை. வெளிப்பக்கம் ரெண்டு இரும்பு வளையம் மட்டும் அடிச்சுக் கொடுங்க. சின்னதாப் போதும். கேட்டா, கதவை இழுத்துச் சாத்தறதுக்குன்னு சொல்லிக்கலாம். பூட்டு என்கிட்டயே இருக்கு. நான் பூட்டப் போறதில்லை. ஆடு பூந்துடாம இருக்க, சும்மா, பகல்ல மட்டும். உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை.

ஏன் டேப்பையே நோண்டிக்கினு இருக்கீங்க?

யாரு? வளையம் வைக்க வேணாம்னு சொன்னது யாரு?

வேதவல்லியா? படகுத்துறைக்கே வந்து சொன்னாளா? இன்னா சொன்னா? சும்மா சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

"மேல என் வூட்டுக்காரரு இருப்பாரு. வளையம் வைக்கச் சொல்லிக் கேப்பாரு. சரின்னு சொல்லிடுங்க, ஆனா வைக்காதீங்க. இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு." அப்படியேவா சொன்னா?

அப்ப நீங்க ஏன் தம்பி என்கிட்ட இதைச் சொன்னீங்க? அவ சொன்ன மாதிரி சரின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல? நான் நம்பியிருப்பேனே. நீங்க கதவைக் கொண்டாற வரைக்கும் நம்பிக்கினு உட்கார்ந்திருப்பேனே.

...டேப்போட அந்த முனையைக் கொடுங்க. ஒத்தை ஆளா எப்படி அளப்பீங்க. நான் புடிச்சுக்கிறேன்.